கோத்தகிரியில் பறவை பார்த்தல்: அரையாண்டு விடுமுறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பறவை பார்க்க மலைக்குப் போவதும் மலையைச் சுற்றிப் பார்க்கப் போவதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் மூன்று நாள் விடுமுறைக்குள் திணிக்கிறவர்கள் பாதி நாளைக் காரிலேயே கழித்துவிட்டு, ‘ஒன்றுமே கண்ணில் படவில்லை’ என்று இறங்கி வருகிறார்கள். இந்த வழிகாட்டி முதல் வேலைக்கு மட்டும். படகுத் துறையும் சாக்லேட் கடையும் இதில் வராது. கோத்தகிரியில் மூன்று இரவு தங்குவது, ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடப்பது, கடைசி நாள் காலையில் குன்னூரை எட்டிப் பார்ப்பது. திட்டம் இவ்வளவுதான். எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் உடன் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரியவர்கள் மட்டும் போனாலும் இதே வழிதான்; முனகல் குறையும் என்று மட்டும் உறுதி சொல்ல மாட்டேன்.

எந்த விடுமுறை?

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கிடைப்பது நான்கு வாய்ப்புகள்: செப்டம்பர் கடைசியில் காலாண்டு, டிசம்பர் கடைசியில் அரையாண்டு, ஜனவரி நடுவில் பொங்கல், பிறகு கோடை. என் தேர்வு அரையாண்டு.

காரணம் வலசைப் பறவைகள். இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் கதிர்க்குருவிகள், வாலாட்டிகள், ஈப்பிடிப்பான்கள் செப்டம்பர், அக்டோபரில் நீலகிரிக்கு வந்து சேர்ந்து, ஏப்ரலுக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். டிசம்பரில் போனால் உள்ளூர்ப் பறவைகளும் விருந்தாளிகளும் ஒரே மரத்தில் இருக்கும். காலாண்டு விடுமுறையிலும் சில வந்திருக்கும். ஆனால் அடுத்து வருகிற வடகிழக்குப் பருவமழைதான் கோத்தகிரிக்கு முக்கிய மழை. தென்மேற்குப் பருவத்தை தொட்டபெட்டா மறித்துக்கொள்வதால் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரி அக்டோபர், நவம்பரில்தான் நன்றாக நனையும். மண்சரிவும் அப்போதுதான். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளை மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆனாலும் கிளம்பும் முன் வானிலை அறிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

கோடையை நான் அடியோடு தள்ளிவிடவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டும் காலம்; பாட்டு அதிகம். பாட்டைக் கேட்டு இனம் காணப் பழகியவர்களுக்கு அதுதான் நல்ல பருவம். ஆனால் மே மாதம் என்றால் மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி, மலைப்பாதை முழுக்க வாகன வரிசை. பூங்காக்களில் பறவையின் குரலைவிட ஒலிபெருக்கியின் குரல்தான் கேட்கும்.

ஏன் கோத்தகிரி?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் விடியலில் புல்வெளியில் உறைபனி. அந்தக் குளிரில் ஏழு மணிக்குக் குழந்தையை வெளியே அழைத்துப் போவது எளிதல்ல. பறவைகளும் வெயில் ஏறும்வரை சோம்பிக் கிடக்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். குளிர் உண்டு, ஆனால் தாங்கலாம். கூட்டம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, நகரத்தை ஒட்டியே ஒரு சோலைக்காடு பிழைத்து நிற்கிறது: லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில் இது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. ஏரியோ குளமோ இல்லாத காடு எப்படி ஈரநிலம் ஆகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சோலையின் தரை மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் கசியவிடுகிறது. சுற்றியுள்ள ஊர்களின் குடிநீருக்கு அதுதான் ஆதாரம் என்று சொல்லுங்கள்.

இங்கே வருவதற்கு இன்னொரு பெரிய காரணம், இந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவைகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசலைப்போலத் திறந்து கிடக்கிறது. மனிதர்களுக்கு அது வழி. உயரத்தின் குளிரிலும் ஈரத்திலும் மட்டுமே வாழும் சிறு பறவைகளுக்கு அது தாண்ட முடியாத அகழி. அதனால் கணவாய்க்கு வடக்கே இருக்கும் நீலகிரி சிரிப்பானும் தெற்கே பழநி மலையில் இருக்கும் சிரிப்பானும் பல லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்து, வேறு வேறு இனங்களாகவே ஆகிவிட்டன. நீலகிரி சோலைக்கிளியின் கதையும் இதுதான். (பெயரில் கிளி இருந்தாலும் இது கிளி அல்ல, தரையை ஒட்டிப் புதரில் திரியும், கருநீல முதுகும் செம்பழுப்பு விலாவும் கொண்ட சின்னஞ்சிறு பறவை.) கொடைக்கானலில் பார்ப்பது இதன் தெற்கத்திய உறவு, அதற்கு வயிறு வெள்ளை, விலாவில் அந்தச் செம்பழுப்பு இருக்காது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும். ஒரு வரைபடத்தை விரித்து, கணவாயின் மேல் விரலை வைத்துக் காட்டினால் போதும்.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

*தங்குமிடம்.* நட்சத்திரங்களைப் பார்க்காதீர்கள், மரங்களைப் பாருங்கள். முன்பதிவு செய்யும் முன் விடுதிக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: திண்ணையோ பால்கனியோ உண்டா, எதிரே மரம் இருக்கிறதா அல்லது இன்னொரு கட்டடமா, காலை ஆறரைக்கு டீ கிடைக்குமா. மூன்றாவது கேள்விக்கு ஆம் என்பவர் உங்கள் ஆள். அரையாண்டு விடுமுறைக்கு நவம்பர் தொடக்கத்திலேயே அறையைப் பிடித்துவிடுங்கள்.

*இ-பாஸ்.* சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. காரில் போகிறீர்கள் என்றால் அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்து, செல்போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் போவோருக்கு இந்தத் தொல்லை இல்லை.

*பைனாகுலர்.* அதில் 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு அருகில் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், மயங்க வேண்டாம். மடங்கு கூடினால் காட்சி குறுகும், கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும். சோலைக்குள் வெளிச்சம் குறைவு, பறவைகள் அருகில் இருக்கும், நொடிக்கு நொடி கிளை மாறும். எட்டு மடங்கே சரி. குழந்தைக்கு எடை குறைந்த 8×32 நல்லது. வாங்க வசதிப்படாவிட்டால் இரவல் வாங்குங்கள். ஆனால் நான்கு பேருக்கு ஒன்று என்று போகாதீர்கள். பறவையைவிடச் சண்டைதான் அதிகம் பார்ப்பீர்கள். இரண்டு பேருக்கு ஒன்றாவது வேண்டும்.

இதைப் பயன்படுத்தப் பழகுவதுதான் பயணத்தின் பாதி. மலைக்குப் போய்ப் பழகலாம் என்று விட்டுவிடாதீர்கள். மொட்டை மாடியில் ஒரு வாரம், தினம் பத்து நிமிடம் போதும். முதலில் இரு குழல்களையும் மடக்கி, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும்படி கண்ணகலத்துக்குச் சரிசெய்யுங்கள். வலக்கண் பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனித் தொட வேண்டாம். எல்லாவற்றுக்கும் நடுச் சக்கரமே. கண்ணாடி அணிந்திருப்பவர்கள் கண்குவளைகளைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

அடுத்த பயிற்சி: எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவை வெறுங்கண்ணால் உற்றுப் பாருங்கள். பார்வையை அகற்றாமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலானவர்கள் கீழே குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்கிறார்கள். அதற்குள் பறவை போய்விடுகிறது. பார்வை அசையக் கூடாது, கைதான் மேலே வர வேண்டும். ஆன்டெனா சரளமாக வந்த பிறகு, மின்கம்பியில் உட்காரும் கரிச்சானுக்கு மாறுங்கள்.

*கடிகாரத் திசை.* ‘அதோ, அந்த மரத்தில்!’ என்பது காட்டில் பயனற்ற வாக்கியம். மரத்தை ஒரு கடிகார முகமாக நினைத்து, ‘பெரிய மரம், இரண்டு மணி, நடுக்கிளை’ என்று சொல்லப் பழக்குங்கள். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் நாள் பிடிக்கும்.

*செயலி.* பறவைகளை இனம் காண உதவும் மெர்லின் செயலியில் இந்தியாவுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். மலையில் சிக்னல் வரும், போகும். இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஒலியைக் கேட்டு அது சொல்லும் பெயரைத் தீர்ப்பாக அல்ல, துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்க்கும்வரை பட்டியலில் எழுத வேண்டாம்.

*மூட்டை.* ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் மேல். ஒன்பது மணிக்கு வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பழுப்பு, கரும்பச்சை, சாம்பல் நிற உடைகள். சரசரக்கும் நைலான் ஜாக்கெட் வேண்டாம். மழைக்கோட், டார்ச், தொப்பி, கெட்டி அட்டை நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், பனியில் நனைந்த தாளில் மை ஊறிவிடும். குடிநீருக்கு எவர்சில்வர் பாட்டில்; நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனையில் பிடித்தால் அபராதம்.

ஏறும் நாள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு சுமார் 33 கிலோமீட்டர். குன்னூர்ப் பாதையைவிட நெரிசல் குறைவு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். பிள்ளைகளை முன்பக்க இருக்கையில், ஜன்னலை ஒட்டி உட்காரவையுங்கள். செல்போனைப் பிடுங்கி வையுங்கள். வாந்திக்கு இதற்கு மேல் வைத்தியம் தேவைப்படாது.

வழியில் குஞ்சப்பனைப் பகுதி யானைகள் நடமாடும் இடம். பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். அங்கே காரை ஓரங்கட்டிப் பறவை பார்க்கிற ஆசை வரும்; ஆசையை அடக்குங்கள். பகல் வெளிச்சத்திலேயே மேலே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

மதியத்துக்குள் சேர்ந்தால் அன்று மாலை எங்கும் போக வேண்டாம். திண்ணையில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை மலைப்பறவைகளுக்கு இரண்டாவது பந்தி. செம்மீசைச் சின்னான் தானாகவே வந்து அறிமுகமாகும்: கூரான கருங்கொண்டை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டு, ஓயாத பேச்சு. வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து புதரைச் சலித்துவிட்டுப் போகும். ஓடையோ தண்ணீர்த் தொட்டியோ பக்கத்தில் இருந்தால் சாம்பல் வாலாட்டி ஒன்று வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும். மஞ்சள் வயிறு, சாம்பல் முதுகு. எங்கோ வடக்கே கோடையைக் கழித்துவிட்டு இந்தத் தொட்டியோரம் வந்து நிற்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இந்த மூன்றையும் அன்றே நன்றாகப் பார்த்துவிட வேண்டும். அப்போதுதான் மறுநாள் காட்டில் இவற்றில் நேரத்தைச் செலவிடாமல் புதியதைத் தேடலாம்.

லாங்வுட் சோலைக் காலை

லாங்வுட் சோலை காப்புக்காடு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வந்த நாளிலேயே கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவர் பறவைக்காக மட்டுமல்ல, காட்டெருமைக்காகவும் கரடிக்காகவும். அனுமதி கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். சோலையின் ஓரத்துச் சாலையிலேயே, காடும் தேயிலையும் சந்திக்கும் இடத்தில், பாதிப் பறவைகளைப் பார்த்துவிடலாம்.

டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகும். இருட்டில் கிளம்பாதீர்கள். கோத்தகிரியைச் சுற்றிக் கரடிகள் இரவில் ஊருக்குள்ளேயே வந்து போகின்றன. ஏழு மணிக்குச் சோலை ஓரத்தில் இருந்தால் போதும். கழிப்பறை வேலையை விடுதியிலேயே முடித்துவிடுங்கள். ஈரமான நாளாக இருந்தால் காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், அட்டை இருக்கலாம்.

உள்ளே போனதும் முதல் பத்து நிமிடம் யாரும் எதையும் தேட வேண்டாம். நின்று, காது கொடுங்கள். சோலை மரங்கள் குட்டையானவை. கிளைகள் முறுக்கிக்கொண்டு பாசி போர்த்தியிருக்கும். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே மங்கல்தான். கண் பழக நேரம் ஆகும்.

தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பூச்சி சத்தம் போல மெல்லிய ‘சீ…சீ’ கேட்டால் அசையாதீர்கள். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானாக இருக்கலாம். சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஆணுக்குத் தலையும் இறக்கையும் கரிக்கருப்பு, மற்ற உடல் முழுக்க ஆரஞ்சு. பெண்ணுக்கு அந்தக் கருப்புக்குப் பதில் மங்கிய பழுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கு உயரங்களை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத இந்தப் பறவைக்கு மனிதர்களிடம் அத்தனை பயம் கிடையாது. தாழ்ந்த சுள்ளியில் உட்கார்ந்து, ஒரு பூச்சியைப் பறித்துக்கொண்டு, இரண்டடி தள்ளி இன்னொரு சுள்ளிக்கு மாறும். அதன் எல்லை சிறியது. இன்று பார்த்த இடத்திலேயே நாளையும் இருக்கும். ஒரே பாதையில் மீண்டும் நடக்கச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாம் நாள் குழந்தையே முன்னால் நடந்து போய் இடத்தைக் காட்டும்.

பிறகு கலப்புக் கூட்டம். சோலையில் அரைமணி நேரம் ஓர் இலைகூட அசையாது. வழிகாட்டி பொய் சொல்லிவிட்டார் என்று தோன்றும். திடீரென்று மரமே உயிர் பெறும். பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டே காட்டுக்குள் நகர்வதுதான் இது. கண்கள் பல என்பதால் வல்லூறை யாராவது ஒருவர் முன்னதாகவே பார்த்துவிடுவார். ஒருவர் கலைத்த பூச்சி இன்னொருவருக்கு இரை. கூடு கட்டாத குளிர்காலத்தில் இத்தகைய கூட்டங்களை நன்றாகப் பார்க்கலாம். கடந்து போகச் சில நிமிடங்களே ஆகும். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். எனவே மாடி பிரித்துக் கொடுங்கள்: கடைக்குட்டிக்குத் தரைத்தளம், மூத்த பிள்ளைக்கு நடுத்தண்டு, பெரியவர்களுக்கு உச்சி. கழுத்து வலியைப் பெரியவர்களே ஏற்பதுதான் நியாயம்.

நடுத்தண்டைப் பார்க்கிறவருக்குப் பசையெடுப்பான் கிடைக்கும். ஊதா கலந்த நீல முதுகு, சிவந்த அலகு, நெற்றியில் கருப்பு வெல்வெட் பட்டை. மரங்கொத்தியைப்போல வாலை ஊன்றி ஏறுவதில்லை. தலைகீழாகவே தண்டில் இறங்கும். அதன் கால்விரல்களைப் பாருங்கள்: ஒரு கால் மேலே கொக்கி போடும், மற்றது கீழே தாங்கும். உச்சியில் மின்சிட்டுகள், ஆண் செஞ்சிவப்பு ஆரஞ்சு, பெண் மஞ்சள். இடையில் சாம்பல்தலை ஈப்பிடிப்பான், பட்டாணிக்குருவி. பச்சையாக, சிறியதாக, ஒரு நொடிகூட நிற்காமல் இருப்பவை கதிர்க்குருவிகள். அவற்றில் எது எது என்று பிரிப்பதை அனுபவசாலிகளிடம் விட்டுவிடுங்கள். ‘கதிர்க்குருவி, மூன்று’ என்று எழுதினால் பாவமில்லை. கூட்டம் நகர்ந்தால் பின்னால் ஓடாதீர்கள். போகும் திசையைக் கவனித்து, பாதை அந்தப் பக்கம் வளைந்தால் முன்னால் போய் நில்லுங்கள்.

நீலகிரி ஈப்பிடிப்பானை இங்கே தவறவிட மாட்டீர்கள். ஆண் கருநீலம். ஆனால் குளிர்காலத்தில் இமயத்திலிருந்து வரும் இன்னொரு நீல ஈப்பிடிப்பானும் இருக்கிறது. அதன் நிறம் மயில்துத்தத்தை ஒத்த வெளிர் நீலம், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கருப்பு. வால் விரியும்போது அடியில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் உள்ளூர்க்காரர்.

சிரிப்பானை முதலில் காதுதான் பார்க்கும். ஒன்று தொடங்க, மற்றவை சேர்ந்து, சரிவு முழுக்கச் சிரிப்பு. வெண்புருவம், கருந்தாடை, செம்பழுப்பு வயிறு. தவிட்டுப் பழம் இதற்கு விருப்பமான உணவு. பழமரம் ஒன்று காய்த்து நிற்பதைக் கண்டால் அதன் எதிரே உட்கார்ந்துவிடுங்கள். நீலகிரி காட்டுப்புறா வரலாம். பெரிய, சாம்பல் நிறப் புறா. அதன் பிடரியில் கருப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டங்கள் இருக்கும். தலையைத் திருப்பும் வரை காத்திருந்து அதைப் பார்த்துவிடுங்கள். சோலைக்கிளிக்கு வாக்குறுதி தர முடியாது. ஓடை ஓரத்து நிழலில் நெடுநேரம் சத்தமில்லாமல் நிற்பவர்களுக்குச் சில சமயம் காட்சி தரும்.

மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகம் போதும். பத்தரை மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். பசியோடு இருக்கும் குழந்தைக்கு அபூர்வப் பறவையும் காக்கையும் ஒன்றுதான்.

தேயிலை ஓரத்தில் நடக்கும் மாலை

தேயிலைத் தோட்டத்தில் பறவை குறைவு என்பது பாதி உண்மை. செடிகளுக்கு நடுவே குறைவு, ஓரங்களில் அப்படியில்லை. ஓடை ஒட்டிய புதர், காய்கறித் தோட்ட வேலி, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆகியவற்றைப் பாருங்கள். புதர்ச்சிட்டு, கீச்சான், தேன்சிட்டுகள், விரலளவுப் பூக்கொத்தி எல்லாம் இங்கேதான். மேலே கருங்கழுகு தெரியலாம்: உடல் முழுக்கக் கருப்பு, மஞ்சள் கால், நீண்ட இறக்கைகளை அசைக்காமல் மர உச்சிகளை உரசுவதுபோல மெல்ல மிதக்கும். பிற பறவைகளின் கூடுகளில் முட்டையும் குஞ்சும் தேடித் தின்னும் பழக்கம் அதற்கு. கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பும் சீகைத் (வாட்டில்) தோப்பும் கண்ணுக்குப் பச்சை, பறவைக்குப் பஞ்சம். அங்கே நேரத்தை விரயமாக்க வேண்டாம்.

இங்கே கவனம் முழுக்கக் காட்டெருமை மேல் இருக்கட்டும். ஆண் ஒரு டன் எடை வரை இருக்கும். ஆனாலும் இடுப்பளவுத் தேயிலைக்குள் படுத்திருந்தால் கரும்பாறை என்றே நினைப்பீர்கள். தனியாக நிற்கும் ஆண் ஆபத்தானது. இலை பறிக்கும் அக்காமார்களிடம் ‘இந்தப் பக்கம் எருமை நிற்கிறதா?’ என்று கேட்காமல் எந்தத் தடத்திலும் இறங்காதீர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏன், எவ்வளவு தூரத்தில் என்று வாதாடாதீர்கள். ஐந்தரைக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். தனியார் தோட்டம் என்றால் கங்காணியிடமோ மேற்பார்வையாளரிடமோ கேட்டுக்கொண்டு நுழைவது மரியாதை.

மறுநாள் காலை மீண்டும் லாங்வுட். அதே பாதை, அதே வேகம். முதல் நாள் பெயர் தெரியாமல் விட்டவற்றில் பாதி அன்று பிடிபடும்.

குன்னூர், சிம்ஸ் பூங்கா

கடைசி நாள் காலை கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் குன்னூருக்குப் போங்கள். 1874இல் உருவான சிம்ஸ் பூங்கா ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் இறங்குகிறது. வாசல் திறந்தவுடன் நுழைந்து, பூப்பாத்திகளை விட்டுவிட்டு, பழைய மரங்கள் அடர்ந்த கீழ்ச்சரிவுக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் வந்துவிடும்.

இங்கே பார்க்க வேண்டியவர் காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீரை ஒட்டிய மலைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தை இலங்கையின் மலைகளிலும் நீலகிரி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் கழிக்கும் பறவை. எண்ணிக்கை குறைந்துவரும் இனம். ஆணுக்கு மார்பில் செம்மை, அதன் இரு ஓரத்திலும் கருங்கோடு. வாலை வெடுக்கென்று தூக்கும்போது அடியில் வெள்ளை மின்னும். கிடைக்காமலும் போகலாம். கிடைக்காதென்று பிள்ளைக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது; கிடைத்தால் திருவிழா.

பிற்பகலில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலை ரயிலில் இடம் வேண்டுமென்றால் முன்பதிவு திறந்தவுடனேயே எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பஸ் இருக்கிறது.

செய்யக் கூடாதவை

செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது பதறி ஓடிவரும். ‘ஒரே ஒரு முறை’ என்று ஒவ்வொரு குழுவும் செய்தால், பாதையோரத்துப் பறவைக்கு நாள் முழுக்க அதே வேலைதான். கூட்டைக் கண்டால் படம் எடுக்காமல் நகருங்கள். பிளாஷ் வேண்டாம். வர்க்கித் துண்டுகளைக் குரங்குக்கோ பறவைக்கோ போடாதீர்கள். கேமரா கொண்டுவருபவர் வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கட்டும். எல்லோரும் படம் எடுக்க நின்றால் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

குறிப்பேடு

பெயரில் தொடங்காதீர்கள். நாள், நேரம், இடம், வானிலை, பிறகு அளவு. அளவுக்கு மூன்று படிகள் போதும்: சிட்டுக்குருவி, மைனா, காகம். ‘சிட்டைவிடப் பெரியது, மைனாவைவிடச் சிறியது’ என்று எழுதினாலே பாதிச் சந்தேகம் தீரும். அலகு ஊசியா, கொக்கியா, விதை உடைக்கும் கூம்பா? வாலை என்ன செய்தது? எந்த உயரத்தில் உட்கார்ந்தது? கடைசியில்தான் நிறம். சோலை மங்கலில் நிறம் ஏமாற்றும். கோணல்மாணலாக ஒரு படம் வரைந்து அம்புக்குறி போடச் சொல்லுங்கள். புகைப்படத்தைவிட அது அதிகம் கற்றுத்தரும், ஏனென்றால் வரைய வேண்டுமானால் பார்த்தாக வேண்டும்.

இரவு சாப்பாட்டுக்குப் பின் எல்லோர் குறிப்புகளையும் சேர்த்து, பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான இ-பேர்டில், பெரியவர் ஒருவரின் கணக்கில் பட்டியலாக ஏற்றுங்கள். எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை பறவைகள் என்பதைச் சேர்த்தால்தான் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். உறுதியில்லாத பெயரை விட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பிய இரண்டு, மூன்று வாரத்தில் பொங்கல் வரும். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. இருக்கும் இடத்திலேயே குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, பட்டியலை இ-பேர்டில் ஏற்றினால் போதும். பைனாகுலர் இரவலாக வாங்கியது என்றால், பொங்கல் முடியும்வரை திருப்பிக் கேட்க வேண்டாம் என்று உரியவரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.